எதனோலுக்கு ஒரு வாழ்த்துமடல்

எதனோலே, நீ வாழி! பாடசாலை அதிபர் ஓய்வுபெற்றாலும் தோட்டத்து வைத்தியர் மாற்றலாகிப் போனாலும் பொன்னாடை போர்த்தி, மாலையிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடலை வாசித்துக் கையளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இலங்கையின் மாத்தளைப் பக்கத்து உக்குவளையில் உன்னளவு நீண்டகாலம், ஒரு நாளும் லீவு எடுக்காமல் வேலை செய்தவர் வேறு எவருமில்லை. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே, கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்த எங்கள் பாட்டன்மாருக்கு நீ அறிமுகமாகிவிட்டாய். கோப்பி இலைநோயில் அழிந்தது. கொக்கோவும் தேயிலையும் இறப்பரும் வந்தன. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினார்கள். நீ மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இத்தனை காலச் சேவைக்கு ஒருவரும் உனக்கு மடல் வாசிக்கவில்லை என்பது பெருங்குறை. உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிப்பவன் நான். ஆகவே இந்த மடலில் அலங்காரத்துக்காகச் சொன்ன பொய் ஒன்றும் இராது. உன்னைப் பற்றி இங்கே சொல்லும் புகழ் எல்லாவற்றையும் ஆய்வுகூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பெரிய குடும்பத்தில் பிறந்தவன் நீ. ஐதரோகாபன் ஒன்றிலிருந்து ஓர் ஐதரசன் அணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஐதரொட்சில் கூட்டத்தை வைத்தால் அது அற்ககோல். ஒரு காபன் உள்ளது மெதனோல், உன் அண்ணன். இரண்டு காபன் உள்ளவன் நீ. மூன்று காபன் உள்ள புரொப்பனோல் ஆஸ்பத்திரியில் ஊசி போட முன் தோலைத் துடைக்கிறது. மூன்று காபனிலும் மூன்று ஐதரொட்சில் ஏறினால் கிளிசரோல். இருமல் பாணியிலும் சவர்க்காரத்திலும் இருப்பது. வாகனத்தின் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்டில் உள்ள எதிலீன் கிளைக்கோலும் உனக்கு உறவுதான். இத்தனை பேர் இருந்தும் கல்யாண வீட்டு மேசைக்கும் இழவு வீட்டுப் பின்பக்கத்துக்கும் அழைக்கப்படுபவன் நீ ஒருவனே. உன் ஐதரொட்சிலின் மகிமைக்கு ஓர் இலக்கம் சொல்கிறேன். அது இல்லாத எதேன் பூச்சியத்துக்குக் கீழே 89 பாகையிலேயே கொதித்துப் போய்விடும். நீ 78 பாகை வரை தாக்குப்பிடிப்பாய். உன் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதுதான் காரணம். பற்றினால் லேசில் விடாத குணம் உனக்குப் பிறவியிலேயே வந்தது.

வகுப்பில் உன்னை அறிமுகப்படுத்த நான் செய்யும் பரிசோதனை ஒன்றுண்டு. 50 மில்லிலீற்றர் நீரையும் 50 மில்லிலீற்றர் எதனோலையும் ஒரே அளவுச்சாடிக்குள் ஊற்றி, முன்வரிசைப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுப்பேன். பிள்ளை குனிந்து, கண்ணைத் திரவமட்டத்துக்கு நேரே கொண்டுவந்து, பிறையுருவின் அடியைப் பார்த்து 97 என்பாள். நம்பாமல் இன்னொரு தரம் பார்ப்பாள். அப்போதும் 97தான். சாடியைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும். காணாமற்போன மூன்று மில்லிலீற்றர் சிந்தவுமில்லை, ஆவியாகிப் போகவுமில்லை. நீயும் நீரும் பிணைந்துகொண்ட நெருக்கத்தில் இடம் சுருங்கிவிட்டது. உன்னிடம் கொடுத்தது குறைந்துதான் திரும்பி வரும் என்பதைப் பிள்ளைகள் அன்றைக்குப் படித்துக்கொள்கிறார்கள். சிலருக்கு அது புதுப் பாடமில்லை. சம்பளத்தோடு வெளிக்கிட்ட அப்பா வீடு வந்து சேரும்போது கையில் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கை அவர்கள் ஆறாம் ஆண்டிலேயே செய்து பழகியவர்கள்.

நீரோடு இணங்குவது போலவே எண்ணெய்த்தன்மை உள்ளவற்றோடும் நீ இணங்குவாய். உன் ஒரு முனை நீரைத் தேடும். இரண்டு காபன் உள்ள மறுமுனை கொழுப்பைத் தேடும். மருந்துச் சாறும் வாசனைத் திரவியமும் இந்தக் குணத்தால்தான் உண்டாகின்றன. கராம்பும் சாதிக்காயும் காய்க்கும் எங்கள் மண்ணில் அதன் அருமை தெரியாதவர் இல்லை. அதே குணத்தோடுதான் நீ மனிதனுக்குள்ளும் இறங்குகிறாய். சோறு சமிபாடடைய மணிக்கணக்காகும். உனக்குச் சமிபாடு தேவையில்லை. ஐந்தில் ஒரு பங்கு இரைப்பைச் சுவர் வழியே இரத்தத்தில் கலக்கும். மிச்சம் சிறுகுடலில் நுழையும். மூளையைக் காக்க இரத்தத்துக்கும் அதற்கும் இடையில் ஓர் அரண் இருக்கிறது. எத்தனையோ மருந்துகளை அது வாசலோடு திருப்பி அனுப்பும். உன்னை அது தடுப்பதில்லை. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியையும் நீ தடையின்றிக் கடப்பாய். தாயின் இரத்தத்தில் நீ எவ்வளவோ, கருவிலுள்ள பிள்ளையின் இரத்தத்திலும் ஏறத்தாழ அவ்வளவு. முகம்கூட உருவாகி முடியாத பிள்ளையின் மூளையைத் தொடும் உரிமை உனக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளை பின்னர் வகுப்பில் கூட்டல் கணக்குக்கு முன்னால் திணறி நிற்கும்போது, காரணம் நீ என்று எந்த ஆசிரியருக்கும் தெரியாது. செய்த வேலையில் பெயர் பொறிக்காத அடக்கம் உன்னுடையது.

மூளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நீ காக்கும் ஒழுங்கையும் சொல்ல வேண்டும். அடக்கும் சமிக்ஞைகளைக் கூட்டுவாய். தூண்டும் சமிக்ஞைகளைக் குறைப்பாய். முதலில் மயங்குவது நெற்றிப்பக்கம், 'வேண்டாம், பொறு' என்று சொல்லும் பகுதி. கூச்சக்காரன் பேசுவான், பாடுவான், நாலு பேருக்கு முன்னால் நியாயம் கேட்பான். அடுத்தது சிறுமூளை, கால் பின்னும், நாக்குத் தடிக்கும். அளவு இன்னும் ஏறினால் மூச்சை நடத்தும் மூளைத்தண்டு. ஏழைக்கும் பணக்காரனுக்கும், கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடிப்பவனுக்கும் விஸ்கிக்காரனுக்கும் இந்த வரிசை மாறாது. எங்கள் ஊரில் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நடத்துவது நீ மட்டும்தான்.

உன் பிறப்பும் வாழ்த்துக்குரியது. மதுவம் என்ற ஒற்றைக்கல உயிர் சீனியைத் தின்று உன்னைப் பெறுகிறது. 180 கிராம் குளுக்கோசு போனால் 92 கிராம் நீயும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் வரும். பிரான்சின் கே-லுசாக் 1815இலேயே எழுதிவைத்த கணக்கு அது. கரைசலில் உன் அளவு 15 வீதத்தை நெருங்கும்போது அந்த மதுவம் தாக்குப்பிடிக்க முடியாமல் செத்துப்போகிறது. பெற்றவளின் பிணத்தின் மீதுதான் நீ முழுவளர்ச்சி அடைகிறாய். அப்படிப்பட்டவனிடம் பிறத்தியார் பெற்ற பிள்ளைகளுக்கு இரக்கம் கேட்டு என்ன பயன்?

பாளையில் இறங்கும் இனிப்புச் சாற்றுக்கு மதுவம் காற்றோடு வந்து சேரும். விடியற்காலையில் இனிப்பாக இறக்கியது மதியத்துக்குள் புளித்துக் கள்ளாகும். யாழ்ப்பாணத்துப் பனை முட்டியில் சுண்ணாம்பு தடவுவார்கள். மலைப்பக்கத்துக் கித்துள் முட்டியில் மரப்பட்டைத் துண்டு போடுவார்கள். அதோடு உன் பிறப்பு தடைப்படும். சாறு கருப்பட்டிக்கும் பாணிக்கும் போகும். கசிப்புக்கு இந்தப் பாளையும் வேண்டாம். சீனி, தண்ணீர், மதுவம், ஒரு பீப்பாய் போதும். ஊறும் அந்தக் கலவைதான் கோடா. மண்ணில் புதைத்தோ பற்றைக்குள் மறைத்தோ வைத்து, புளித்த பிறகு அடுப்பேற்றி, ஆவியை ஒரு குழாயால் ஓடைத் தண்ணீருக்குள் கொண்டுபோனால் மறுமுனையில் நீ சொட்டுச் சொட்டாக விழுவாய். நீருக்கு முன்னரே நீ கொதிப்பதால்தான் இந்தக் கைத்தொழில் நடக்கிறது. தண்ணீருக்கு உக்குவளையில் பஞ்சமில்லை. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் கொண்டுவந்து, 1976இலிருந்து எங்கள் மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றவிட்டு, சுது கங்கையில் சேர்க்கிறார்கள். ஒரு நதியைத் திசைதிருப்ப அத்தனை பொறியியலாளர்களும் அத்தனை வெடிமருந்தும் தேவைப்பட்டன. ஒரு குடும்பத்தின் வருமானத்தைத் திசைதிருப்ப உனக்கு ஒரு பீப்பாயும் ஒரு முழக் குழாயும் போதும்.

அரசாங்கங்கள் உன் அருமையை எப்போதும் அறிந்திருக்கின்றன. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். அவன் போய் எழுபது வருடத்துக்கு மேலாகியும் சட்டம் போகவில்லை. 1974இல் வடிசாலைகளுக்கென ஓர் அரச கூட்டுத்தாபனம் அமைந்தது. 1992இல் அது தனியார் கைக்கு மாறியது. 2020 சனவரியிலிருந்து எதனோல் இறக்குமதியை நிறுத்தி, பெலவத்தையிலும் செவனகலையிலும் சீனி ஆலைக் கழிவுப்பாகிலிருந்தே உன்னை வடிக்கிறார்கள். அரிசிக்கும் பருப்புக்கும் கப்பலைப் பார்த்திருந்த நாடு, உன் விடயத்தில் சொந்தக் காலில் நின்றுவிட்டது. வரி உயரும்போது திறைசேரி மகிழ்கிறது. போத்தலுக்குக் கட்டுப்படாதவன் கசிப்புக்கு இறங்குகிறான். அடுத்த கிழமை கோடா கைப்பற்றப்பட்ட செய்தி பத்திரிகையின் மூலையில் வருகிறது. வரி முத்திரை ஒட்டிய போத்தலுக்குள்ளும் நீதான், ஒட்டாத கலனுக்குள்ளும் நீதான்; ஈரலுக்கு முத்திரை வாசிக்கத் தெரியாது. 2006இன் 27ஆம் இலக்கச் சட்டம் உனக்கு விளம்பரம் கூடாது என்றது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்றது. பௌர்ணமிப் போயா நாளில் கடை பூட்டு. விளம்பரம் இல்லாமலே நீ விற்கிறாய். போயாவுக்கு முதல்நாள் பின்னேரம் கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

ஈரலின் கணக்கைச் சொல்லாமல் உன் புகழ் நிறைவுபெறாது. கால் போத்தல் சாராயம் என்பது 180 மில்லிலீற்றர். அதில் மூன்றில் ஒரு பங்கு நீ; நிறையில் ஏறத்தாழ 47 கிராம். மனித ஈரல் ஒரு மணித்தியாலத்தில் அகற்றக்கூடியது பொதுவாக 7 முதல் 10 கிராம். அதாவது கால் போத்தலுக்கே ஐந்து முதல் ஏழு மணித்தியாலம். தேசிக்காய்ச் சாறு, மோர், பச்சைத்தண்ணீர்க் குளிப்பு எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. உன்னை உடைக்கும் நொதியம் எப்போதும் நிரம்பிய கையோடு வேலை செய்வதால், அதிகம் குடித்தவனுக்காக அது அதிகம் உழைக்க முடியாது. அரைப் போத்தலை இரவு ஒன்பதுக்கு முடித்தவனின் இரத்தத்தில் காலை ஏழு மணிக்கும் பெரும்பாலும் நீ இருப்பாய். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது அவனோடு சேர்ந்து நீயும் ஆஜர் சொல்கிறாய். இறப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியைப் பிடிக்கும் விரலிலும், மலைச்சரிவில் கால் வைக்கும் கணத்திலும் நீ பங்குகொள்கிறாய். பொலிஸார் ஊதச் சொல்லும் குழாய்க்குள் செம்மஞ்சள் இருகுரோமேற்றைப் பச்சையாக்கி உன்னைக் காட்டிக்கொடுப்பதும் நீயேதான். உண்மையை ஒளிக்கத் தெரியாத உன் நேர்மையை அந்த ஓரிடத்தில் நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

எல்கடுவப் பக்கம் மேலே ஏறினால் மழையும் பனியும். 'குளிருக்குத்தான் ஐயா' என்பார்கள். அவர்களைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு உண்மையிலேயே சூடாக இருக்கும். தோலுக்குப் போகும் இரத்தக்குழாய்களை நீ விரித்துவிடுவதால் உடம்பின் உள்ளேயிருந்த வெப்பம் தோலுக்கு வந்து, காற்றில் போய்விடுகிறது. சூட்டின் உணர்வைக் கொடுத்துவிட்டுச் சூட்டை எடுத்துக்கொள்கிறாய். 'நித்திரைக்குத்தான்' என்பவனுக்கும் அப்படியே. சீக்கிரம் கண்ணை மூடவைத்து, பின்னிரவின் நல்ல நித்திரையைக் குலைத்துவிடுகிறாய். 'உடம்பு வலிக்குத்தான்' என்பவனுக்கு வலியை மறைப்பாய். வலியின் காரணம் முதுகில் அப்படியே இருக்கும். பசிக்கும் ஏதோ கொடுக்கிறாய். கிராமுக்கு 7 கலோரி, சோற்றைவிட அதிகம். விற்றமின் ஒன்றுகூட இல்லாத கலோரி அது. வருடக்கணக்காக உன்னைச் சாப்பாடாக்கியவனுக்குத் தயமின் குறைந்து, காலையில் பேசியவர் யாரென்று மாலையில் மறந்துபோகும். அந்த மறதிக்கு ஊரில் 'குடிச்சுக் குடிச்சுப் பேயன் ஆயிட்டான்' என்று பெயர். மருத்துவத்தில் வேர்னிக்-கோர்சகோவ் என்று பெயர்.

இனி நீ வீட்டுக்குள் வரும் அழகைச் சொல்கிறேன். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கூலிக்காக எத்தனை வருடப் போராட்டம், எத்தனை தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை! அப்போதே கால் போத்தலுக்கு அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. சம்பள நாள் பின்னேரம் வரிசைவீடான லயத்துக் காம்பராவில் மனைவி சீக்கிரமே சமைத்துவிடுவாள். சீட்டுக் காசைக் கலண்டருக்குப் பின்னாலோ அரிசி டின்னுக்குள்ளோ ஒளிப்பாள். கைக்கெட்டும் இடத்திலிருந்து கத்தியையும் விறகுக்கட்டையையும் அப்புறப்படுத்துவாள். மூத்த பிள்ளையை இஸ்தோப்பில் நிறுத்துவாள். 'அப்பா வாராரு' என்று மட்டும் அந்தப் பிள்ளை சொல்லாது. வரும் நடையைப் பார்த்து இன்றைக்குக் கால் போத்தலா அரைப் போத்தலா என்றும் சொல்லும். சின்னதுகள் சோற்றை அள்ளி விழுங்கிவிட்டுத் தூங்குவது போலப் படுத்துக்கொள்ளும். லயத்துச் சுவர் சத்தத்தை மறைக்காது. பக்கத்துக் காம்பராவில் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். காலையில் தண்ணீர்ப் பீலியடியில் முகம் வீங்கி நிற்பவளிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டாலும் 'விழுந்துட்டேன்' என்பாள். கூடையை மாட்டிக்கொண்டு அவளும் கொழுந்தெடுக்கப் போக வேண்டும். இனி இந்த மாதம் அவளுடைய சம்பளம்தான் வீட்டுக்கு.

பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாதென்று 1979இல் ஓர் அறிவித்தல் வந்தது. 2018 சனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன நீக்கத்தை ரத்துச்செய்யச் சொன்னார். நாடு முழுக்க விவாதம் நடந்தது. எதனோலே, எங்கள் பெண்கள் உன்னை வாங்க வேண்டுமா வேண்டாமா என்று இத்தனை பேர் பேசினார்கள். உன்னை ஒரு சொட்டும் தொடாமலே உன்னால் பல்லையும் விலாவையும் சீட்டுக் காசையும் இழந்தவர்களுக்கு எந்த அறிவித்தல் வந்தது? குடித்தவனுக்கு ஒரு மயக்கம், குடிக்காதவளுக்கு ஒரு வடு என்று நீ சரிசமமாகத்தான் பங்கிடுகிறாய்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். பௌத்தத்தின் ஐந்தாவது சீலம் உன்னை விலக்கு என்கிறது. இஸ்லாம் உன்னை ஹராம் என்கிறது. கோயில் மணியும் விகாரையின் பண ஓதலும் பள்ளிவாசலின் பாங்கும் கேட்கும் எங்கள் ஊரில், மூன்று மார்க்கமும் ஒருமித்து உன்னை விலக்குகின்றன. அந்த ஒற்றுமைக்கும் உனக்கே நன்றி சொல்ல வேண்டும். இந்நாட்டின் தேசிய அரசியலுக்கும் நீ ஒரு விதை. 1904இலும் 1912ஐ ஒட்டியும் ஊர் ஊராகத் தவறணைகளை எதிர்த்து எழுந்த மதுவொழிப்பு இயக்கத்தில்தான் எப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க போன்றோர் மக்கள் முன் வந்தார்கள். 1915 கலவரத்தின்போது பிரித்தானியர் அவர்களில் பலரைச் சிறையிலடைத்தார்கள். டி.எஸ். பின்னர் நாட்டின் முதல் பிரதமரானார். உன்னை எதிர்த்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். ஆட்சிக்கு உன் வரி தேவைப்பட்டது. நீ மறுபடியும் வென்றாய். அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்துகொண்ட சங்க காலத்தை உனக்குச் சாட்சியாக இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அது கள், ஐந்தாறு வீதம் நீ இருந்த பானம். இன்றைக்குப் போத்தலில் வருபவன் அதைப்போல ஆறேழு மடங்கு. அதியமான் அந்தக் கள்ளுக்காக ஔவையின் தோட்டை அடகுவைத்ததாக எந்தப் பாட்டும் சொல்லவில்லை.

உன் அண்ணன் மெதனோலைப் பற்றியும் பேச வேண்டும். பார்வைக்கும் மணத்துக்கும் அவன் உன்னைப் போலவே இருப்பான். சீனிக் கோடாவில் அவன் அநேகமாகப் பிறப்பதில்லை. தொழிற்சாலைக்கென வரும் கலனிலிருந்து, வீரியத்துக்கும் மலிவுக்கும் என்று எவனோ கலந்துவிடும்போதுதான் அவன் வருகிறான். ஈரலின் அதே நொதியம் உன்னை அசற்றல்டிகைட்டாக்குவது போல அவனைப் போமல்டிகைட்டாக்கும்; அது பிறகு போமிக்கமிலமாக மாறும். அந்த அமிலம் கண்நரம்பைச் சாப்பிடும். பத்து மில்லிலீற்றர் பார்வையைப் பறிக்கலாம். முப்பது உயிரைப் பறிக்கலாம். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி, கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிக்காரர். சில வீடுகளில் தாயும் தகப்பனும் சேர்ந்தே போனார்கள். அதே மாதத்தில் எங்கள் நாட்டின் தெற்கே தங்காலையிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகொன்றில், அலையில் மிதந்துவந்த போத்தல்களை மதுபானம் என்று நம்பிக் குடித்த மீனவர்களில் பலர் கரை திரும்பவில்லை. 2020இல் ஈரானில் கொரோனாவுக்கு மருந்தென்று நம்பி மெதனோல் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நடுக்கடலில் பெயரில்லாத போத்தலைக் கண்டாலும் திறந்து வாயில் வைக்கலாம் என்ற நம்பிக்கையை உழைப்பாளிகளுக்குள் ஊட்டியவன் நீ. அந்த நம்பிக்கையின் மறைவில் உன் அண்ணன் வருகிறான்.

ஆனாலும் உன் ஆகப்பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. மெதனோல் குடித்தவனை ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு கொண்டுவந்தால், வைத்தியர்கள் அளவாக உன்னையே செலுத்துவதுண்டு. நொதியம் மெதனோலைவிட உன்னையே விரும்பிப் பிடிக்கும். அது உன்னோடு வேலையாக இருக்கும் நேரத்தில் மெதனோல் அமிலமாகாமல் காத்திருந்து, சிறுநீரிலும் இரத்தச் சுத்திகரிப்பிலும் வெளியேறிவிடும். கொரோனாக் காலத்தில் கை கழுவும் திரவமாக எத்தனையோ பேரைக் காப்பாற்றினாய். அதிலும் முழுத் தூய்மையான உன்னைவிட 70 வீதம் நீயும் மிச்சம் தண்ணீருமாக இருந்தால்தான் கிருமியின் புரதம் நன்றாகக் குலையும். ஆஸ்பத்திரி அலுமாரியிலும் ஆய்வுகூடத்துப் போத்தலிலும் இருக்கும்போது உன்னைக் கையெடுத்துக் கும்பிடலாம். இதை நான் முழுமனதோடு சொல்கிறேன்.

வெளியே வந்தால் நீ நீண்டகாலச் சேவையாளன். முதலில் ஈரலில் கொழுப்பைச் சேமிப்பாய். அப்போது விட்டால் ஈரல் பெரும்பாலும் மீளும். பிறகு அழற்சி, பிறகு தழும்பேறிச் சுருங்கிய ஈரல், வயிற்றில் நீர், இரத்த வாந்தி. மதுபானம் மனிதனில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே முதலாம் தொகுதியில் பதிந்தது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், மார்பகம் என உன் சேவைப் பிரதேசம் பெரிது. 2019இல் மட்டும் உலகெங்கும் 26 இலட்சம் மரணங்களுக்கு மதுபானம் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனம் 2023இல், பாதுகாப்பான அளவென்று ஒன்று கிடையாது என்றும் சொல்லிவிட்டது. உன்னை விட்டுப் போக நினைப்பவனையும் நீ லேசில் அனுப்பமாட்டாய். பல வருடம் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத பூச்சிகள் சுவரில் ஊரும். சிலர் அதிலேயே செத்துப்போவார்கள். சேர்ந்தாலும் உயிர், பிரிந்தாலும் உயிர் என்று கேட்கும் இப்படியொரு சிநேகிதனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எதனோலே, உன் மடல் இத்தோடு முடிந்தது. மிச்சம் எங்கள் சனத்துக்கு. தினமும் குடித்த ஒருவர் விடுகிறேன் என்று சொன்னால் அவரைக் காம்பராவில் பூட்டி வைக்காதீர்கள், கோயிலில் கட்டிப்போடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்தோடு நிறுத்துங்கள். குடித்துவிட்டு வந்தவருக்கு அரைநாளோ ஒரு நாளோ கழித்து வாந்தியும் வயிற்றுவலியும் வந்து, கண் மங்கலாகத் தெரிகிறது, வெள்ளையாகத் தெரிகிறது என்று சொன்னால் 'போதை தெளியட்டும்' என்று படுக்கவிடாதீர்கள். வீட்டில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தும் பார்க்காதீர்கள். உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். பொலிஸுக்குப் பயந்தோ வெட்கப்பட்டோ மறைக்காமல் என்ன குடித்தார், எங்கே வாங்கினார், எத்தனை மணிக்குக் குடித்தார் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். போத்தலில் மிச்சமிருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். அவரோடு சேர்ந்து குடித்த மற்றவர்களின் வீட்டுக் கதவையும் அப்போதே தட்டுங்கள்.